இருபத்தொன்றாவது கை

சப் கலெக்டர் ஆபீஸிலிருந்து வந்த உத்தரவு அரைப் பக்கம்கூட இல்லை. சிக்கனேரியில் ஜனவரி மாதத்தில் இரண்டாயிரத்துக்குக் குறையாத நீர்ப்பறவைகள் தங்குவதாக மனுதாரர் தங்கமணி சொல்லியிருக்கிறார். பொங்கலுக்கு அடுத்த ஞாயிறு காலை, வருவாய் ஆய்வாளர் முன்னிலையில், ஒரே ஒரு முறை எண்ணிக் காட்ட வேண்டும். இரண்டாயிரத்தைத் தொட்டால் ஏரியின் கிழக்குப் பாகம் தொழிற்சாலை விரிவாக்கத்துக்குத் தரப்படாது. தொடாவிட்டால் மனு தள்ளுபடி. ஏரியில் மண் கொட்ட இருக்கிற தடையும் அன்றைக்கே விலகும்.

'இரண்டாயிரத்துக்குக் குறையாத' என்ற வார்த்தையைத் தங்கமணியேதான் மனுவில் எழுதியிருந்தாள். எண்பத்தேழில் பெங்களூர்க்காரர்கள் சிலர் படிவம் கொடுத்து, ஆசியா முழுக்க ஜனவரியில் இப்படி எண்ணுகிறார்கள், உங்கள் பக்கத்தில் எண்ணுவதற்கு ஆள் இல்லை என்று சொன்னதிலிருந்து மூன்று வருஷமாக எண்ணிக்கொண்டு வருகிறாள். ஒரு வருஷமும் இரண்டாயிரத்துக்குக் கீழே போனதில்லை. அந்தத் தைரியத்தில் எழுதிவிட்டாள். இந்த வருஷம் மழை பொய்த்து, ஏரி பாதியாக வற்றிக் கிடப்பதை மனு எழுதும்போது அவள் யோசிக்கவில்லை.

ஓசூர் சிப்காட்டில் ஒரு பம்ப் தொழிற்சாலையில் அவளுக்குப் பரிசோதனைப் பிரிவில் வேலை. கரூரிலிருந்து வந்து ஆறு வருஷம் ஆகிறது. நாள் முழுக்க உதிரிபாகங்களை அளந்து, சரியில்லாததைச் சிவப்புக் கூடையில் போடுகிற வேலை. யாருடைய பேச்சுக்காகவும் சிவப்புக் கூடையில் விழுந்ததை அவள் திருப்பி எடுத்ததில்லை. அதனாலேயே அவளுக்கு அங்கே பேரும் உண்டு, பகையும் உண்டு.

காலை ஆறரைக்கு மேற்குக் கரையில் நாலு பேர் நின்றார்கள். ஆய்வாளர் முனிவேல், கழுத்தில் மப்ளர் சுற்றிக்கொண்டு, தோல் பையை மார்போடு அணைத்தபடி. ஏரியைக் கேட்கிற கம்பெனியின் நிர்வாக அதிகாரி ராஜப்பன், மடிப்புக் கலையாத சட்டையோடு. தங்கமணி. அப்புறம் ராஜப்பனின் ஜீப் டிரைவர். அவர்களுக்குப் பின்னால் கரைமேலேயே இரண்டு டிப்பர் லாரிகள் செம்மண் நிரம்பி நின்றன. மனு தள்ளுபடியானால் பத்து நிமிஷத்தில் முதல் லோடு ஏரிக்குள் விழும்.

"ஞாயித்துக்கெழமைகூட லோடு அடிக்கிறீங்களா சார்" என்று கேட்டார் முனிவேல்.

"டிப்பருக்கு நாள் வாடகை சார். ஓடுனாலும் வாடகை, நின்னாலும் வாடகை" என்றார் ராஜப்பன். "மேடம் சீக்கிரம் முடிச்சா எல்லாருக்கும் நல்லது."

ஏரியின் நடுவில் பட்டுப்போன கருவேலமரம் ஒன்று தண்ணீருக்குள் நின்றது. அதற்கு மேற்கே இருப்பதைத் தங்கமணி எண்ண வேண்டும். கிழக்கே இருப்பதை ஜமீர் அகமது. கம்பெனி கேட்டது அந்தக் கிழக்குப் பாகத்தைத்தான். பறவைகளும் ஆழம் பார்த்து அங்கேதான் அதிகம் கூடியிருந்தன.

ஜமீர் காவேரிப்பட்டினத்துக்காரன். அவன் மாமா அங்கே மாம்பழ மண்டி வைத்திருக்கிறார். கல்யாணத்துக்கு முன்னால் ஏழு வருஷம் மண்டியில் காய் எண்ணுகிற வேலை பார்த்தவன். இப்போது தங்கமணியின் தொழிற்சாலையில் பேக்கிங் பிரிவில் இருக்கிறான். அட்டைப்பெட்டிகளை அவன் ஒரு பார்வையில் எண்ணிச் சொல்வதைப் பார்த்துத்தான் தங்கமணி அவனைப் பறவை எண்ணக் கூட்டிவந்தாள். அவளுக்கு ஐந்தைந்தாக எண்ணப் பழகவே ஒரு வருஷம் பிடித்தது. அவனுக்கு முதல் நாளே வந்துவிட்டது.

எண்ணுகிறவர் ஒவ்வொருவர் பக்கத்திலும் கம்பெனி ஆள் ஒருவர் உட்கார வேண்டும் என்பது ராஜப்பன் வைத்த நிபந்தனை. தங்கமணிக்கு ராஜப்பனே. ஜமீருக்குக் கம்பெனி வாட்ச்மேன் வெள்ளைச்சாமி. சிவகங்கைப் பக்கத்து ஆள், ஐம்பது வயதிருக்கும். விடியற்காலையிலேயே சைக்கிளில் ஜமீரை ஏற்றிக்கொண்டு கிழக்குக் கரைக்குப் போய்விட்டார்.

முனிவேல் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு விசில் ஊதினார். அக்கரையில் ஜமீர் துண்டை ஒரு தடவை வீசினான். எண்ணிக்கை ஆரம்பமாகிவிட்டது என்று அர்த்தம்.

தங்கமணி பைனாகுலரைக் கண்ணில் வைத்தாள்.   மேற்கு ஓரத்தில் ஆரம்பித்து, கருவேலமரத்தை நோக்கி மெதுவாகத் திருப்ப வேண்டும். திரும்பிய பிறகு பின்னால் பார்க்கக் கூடாது. பின்னால் புதிதாக ஒன்று வந்து இறங்கினாலும் அது கணக்கில் இல்லை. நாமக்கோழிகள் கறுப்புக் கறுப்பாக, ஐந்து, பத்து, பதினைந்து. நடுவில் நாலைந்து முக்குளிப்பான்கள் இருந்தன. ஒன்று மூழ்கினால் அது வெளியே வரும்வரை அவளும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள்.

"அந்த வெள்ளையா இருக்கறது கணக்குல வருமா" என்றார் ராஜப்பன், காதுக்குப் பக்கத்தில்.

அவள் பைனாகுலரை இறக்காமல் தாளில் ஒரு கோடு போட்டாள்.

"இல்ல, அது பிளாஸ்டிக் கவர் மாதிரி இருக்கு. அதான் கேட்டேன்."

"சார், எண்றப்ப பேசாதீங்க" என்றார் முனிவேல்.

ஊசிவால் வாத்துகள் கூட்டமாகத் தூங்கிக்கொண்டிருந்தன. தலையை முதுகுக்குள் செருகிக்கொண்டு, ஒன்றை ஒன்று மறைத்துக்கொண்டு. மறைந்திருப்பதை ஊகித்து எழுதலாம் என்று பெங்களூர்ப் படிவத்தில் இடம் உண்டு. இன்றைக்கு அந்த இடம் கிடையாது. கண்ணால் பார்த்தது மட்டும். அவள் ஒவ்வொரு கழுத்தும் அசையக் காத்திருந்து எண்ணினாள். மரத்தை அடைந்தபோது கையிலிருந்த தாளில் நூற்று முப்பத்திரண்டு கோடுகள் இருந்தன. கோட்டுக்கு ஐந்து.

"அறுநூத்தி அறுபது" என்றாள். முனிவேல் எழுதிக்கொண்டார்.

 போன வருஷம் இதே இடத்தில் தொள்ளாயிரத்துக்கு மேல் இருந்தன. கிழக்கே ஆயிரத்து முந்நூற்று நாற்பது இருந்தாக வேண்டும்.

ஏழே கால் ஆகியும் அக்கரையிலிருந்து துண்டு அசையவில்லை. ஜமீர் குத்துக்கால் இட்டு உட்கார்ந்திருப்பது சின்னதாகத் தெரிந்தது. பக்கத்தில் வெள்ளைச்சாமியின் காக்கித் தொப்பி. ராஜப்பன் கடிகாரத்தைப் பார்த்தார், டிப்பரைப் பார்த்தார், மறுபடியும் கடிகாரத்தைப் பார்த்தார். ஏழரைக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது துண்டு இரண்டு தடவை வீசப்பட்டது. முடிந்தது.

தங்கமணி பைனாகுலரை இறக்குவதற்குள் பின்னால் டிப்பரின் ஏர் ஹாரன் அலறியது. நீளமாக, இரண்டு தடவை.

ஏரி முழுக்க ஒரே நேரத்தில் எழுந்தது. தண்ணீரைக் கிழித்துக்கொண்டு நாமக்கோழிகள் ஓடின. வாத்துகள் தலைக்கு மேல் ஒரு சுற்றுச் சுற்றி, இரண்டாக, மூன்றாகப் பிரிந்து, வடக்கே திரும்பின. கொஞ்ச நேரத்தில் வானத்தில் புள்ளிகள்தான் மிச்சம்.

"யாருய்யா அது ஹாரன் அடிச்சது" என்று கத்தினார் முனிவேல்.

டிப்பர் டிரைவர் எட்டிப் பார்த்தான். எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளிப் பையன்; கன்னடம் கலந்த பேச்சு. "ஏனாயித்து சார்? முடிஞ்சிச்சின்னுதானே அந்த ஆளு துண்டு ஆட்டுனாரு. லோடு எறக்கலாமான்னு கேட்டேன்."

"ஹாரன்லயா கேப்ப."

"எல்லாம் கர்நாடகாவுக்குப் போயிடுச்சு" என்றார் ராஜப்பன், வானத்தைப் பார்த்தபடி. "நமக்குத்தான் செக்போஸ்ட்டு. அதுங்களுக்கு என்ன." சொல்லிவிட்டு அவரே சிரித்துக்கொண்டார்.

பறவைகள் கலைந்ததைப் பற்றி உத்தரவில் ஒன்றும் இல்லை. எண்ணி முடித்தாகிவிட்டது. ஒரே ஒரு முறை என்பது நிறைவேறிவிட்டது.

வெள்ளைச்சாமி சைக்கிளை மிதித்துக்கொண்டு முதலில் வந்தார். ஜமீர் கரையோரமாகப் பின்னால் நடந்து வந்துகொண்டிருந்தான். வந்து சேர இன்னும் கால் மணி நேரம் ஆகும். எண்ணியதை உடனே ஒப்படைக்க வேண்டும் என்பதால் வாட்ச்மேனிடம் கொடுத்தனுப்பியிருந்தான். ஒரு கைக்குட்டை. இரண்டு முனையிலும் முடிச்சு.

ஜமீர் தாளில் கோடு போடுவதில்லை. தாளைப் பார்க்கக் குனிந்தால் கண் நழுவிவிடும் என்பான். இடது உள்ளங்கையில் இருபது புளியங்கொட்டைகள். ஐந்து பறவையைக் கண்ணால் அள்ளினால் அது ஒரு கை; ஒரு கொட்டை இடதிலிருந்து வலதுக்குப் போகும். நூறு நிறைந்தால் மடியில் ஒரு கூழாங்கல். கொட்டைகள் எல்லாம் திரும்ப இடது கைக்கு.

முனிவேல் ஜீப்பின் பானெட்டில் கைக்குட்டையை விரித்தார். ஒரு முடிச்சில் கூழாங்கற்கள். ஒவ்வொன்றாக நகர்த்தி எண்ணினார். பன்னிரண்டு. இன்னொரு முடிச்சில், கடைசியில் வலது கையில் மிஞ்சிய கொட்டைகள். இருபது.

"பன்னெண்டு நூறு. இருபது அஞ்சு நூறு. ஆக ஆயிரத்து முந்நூறு." பேனாவால் கூட்டினார். "அறுநூத்தி அறுபதும் சேத்தா ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபது."

முனிவேல் கூட்டலை இன்னொரு தடவை சரிபார்த்தார். அப்புறம் ராஜப்பன், "நாப்பது குறையுது" என்றார் மெதுவாக. "என்னம்மா பண்றது. மழை இல்லாத வருஷம்."

தங்கமணி பானெட்டைப் பார்த்தபடி நின்றாள். நாற்பது. கிளுவை வாத்து ஒரு கூட்டத்திலேயே நாற்பது இருக்கும். தூங்கும் வாத்துகளுக்குப் பின்னால் அவள் எழுதாமல் விட்டதில் நாற்பது இல்லாமலா இருந்திருக்கும்.  அழக் கூடாது என்று கொட்டைகளையே உற்றுப் பார்த்தாள். வரிசையாக இருபது கொட்டைகள்.

ஏன் இருபது?

இருபது கொட்டையும் வலது கைக்கு வந்திருந்தால் அதுவே ஒரு நூறு. அதற்குப் பதிலாக ஒரு கூழாங்கல் அல்லவா இருக்க வேண்டும். பதின்மூன்று கல் இருக்க வேண்டும், கொட்டை ஒன்றும் இருக்கக் கூடாது. ஜமீர் கல் போட மறந்துவிட்டானா. ஜமீர் மறக்கிறவன் இல்லை.

போன மே மாதம் அவன் மனைவி காத்தூனோடு காவேரிப்பட்டினம் மண்டிக்கு மாம்பழம் வாங்கப் போனது அவள் நினைவில் வந்தது. தங்கமணி நூறு காய் கேட்டாள். அங்கிருந்த ஆள் ஐந்தைந்தாக அள்ளிக் கூடையில் போட்டான். இருபது கை முடிந்தபின் இன்னொரு கை அள்ளிப் போட்டுவிட்டுத்தான் நூறு என்றான். வீட்டுக்கு வந்து எண்ணிப் பார்த்துவிட்டு, அஞ்சு அதிகமாக வந்துவிட்டது என்று தங்கமணி சொன்னாள். காத்தூன் விழுந்து விழுந்து சிரித்தாள். "அதிகம் இல்லக்கா, அதான் எங்க நூறு. கொசுறோட சேத்தாத்தான் கை நெறையும்."

மண்டியில் ஏழு வருஷம். கைக்குப் பழகிய நூறு, நூற்றைந்து. அவனுக்கு ஐந்தைந்தாக எண்ணத் தெரியும் என்று சந்தோஷப்பட்டாளே தவிர, உன் நூறு எத்தனை என்று மூன்று வருஷத்தில் ஒரு தடவைகூட அவள் கேட்டதில்லை. யார்தான் கேட்பார்கள்.

"சார், ஒரு நிமிஷம்ங்க" என்றாள்.  கொட்டையைக் காட்டினாள், சொன்னாள். ஒரு கல்லுக்கு இருபத்தொரு கை. பன்னிரண்டு கல்லுக்கு ஆயிரத்து இருநூற்று அறுபது. இருபத்தொன்றாவது கை வராததால் கல் விழாமல் நின்ற இருபது கொட்டைக்கு நூறு. மொத்தம் இரண்டாயிரத்து இருபது.

ராஜப்பன் உரக்கச் சிரித்தார். "நாப்பது குறையுதுன்னு சொன்ன அடுத்த நிமிஷம் அறுபது எங்கிருந்தோ வருது. சார், இது நல்லா இருக்கே. கல்லு போட மறந்துட்டான், அவ்வளவுதான்."

முனிவேல் மப்ளரைத் தளர்த்தினார். கொட்டைகளை மறுபடி எண்ணினார். தூரத்தில் ஜமீர் வந்துகொண்டிருந்தான். "நான் இதே தாலுக்காக்காரன்மா. மண்டில கொசுறு உண்டு, இல்லன்னு சொல்லல. ஆனா அவன் வாத்துக்கும் அப்டியே எண்ணுனான்னு எப்டி எழுதறது. நீ சொன்னேன்னு எழுத முடியாது. அவன்கிட்ட கேட்டா, உன் மூஞ்சியப் பாத்துட்டு ஆமான்னுவான்." கொஞ்சம் யோசித்தார். கரையில் ரோட்டு வேலைக்காகக் கொட்டியிருந்த ஜல்லிக் குவியல் கண்ணில் பட்டது. "ஒண்ணு பண்ணலாம். எதுக்குன்னு சொல்லாம அவன எண்ண விடுவோம். நூறு நூறா மூணு குவியல். அவன் கை என்ன சொல்லுதோ அதான். யாரும் வாயத் தெறக்கக் கூடாது. நீயும்தாம்மா."

தங்கமணி தலையாட்டினாள். நிம்மதியாகக்கூட இருந்தது. கை பொய் சொல்லாது.

ஜமீர் மூச்சு வாங்க வந்து சேர்ந்தான். பேன்ட் முழங்கால்வரை சேறு. "பாத்தீங்களாக்கா, ஹாரன் அடிச்சான். நல்ல வேள, முடிச்சிட்டேன். எவ்ளோ வந்துச்சு?"

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவன் முகம் சுருங்கியதை அவள் பார்க்கவில்லை, உணர்ந்தாள்.

"தம்பி, இங்க வா" என்றார் முனிவேல். "இந்த ஜல்லியில நூறு நூறா மூணு குவியல் வை."

"எதுக்கு சார்?"

"வைன்னா வையேம்பா."

ஜமீர் எல்லோர் முகத்தையும் பார்த்தான். அப்போது ராஜப்பன், ஏதோ ஆறுதல் சொல்கிற மாதிரி, "பயப்படாதீங்க பாய்" என்றார். "மண்டியில வேல பாத்தவர்னு ஆய்வாளர் சார் கேள்விப்பட்டாரு, அதான் ஒரு சந்தேகம். நூறுன்னா எங்களுக்கெல்லாம் நூறு. உங்க மண்டியில எப்படின்னு."

"சார், பேசாதீங்கன்னேன்ல" என்றார் முனிவேல்.

பேச வேண்டியதைப் பேசியாகிவிட்டது. ஜமீரின் தாடை இறுகியதைத் தங்கமணி பார்த்தாள். மண்டிக்காரன் ஏமாற்றுவான் என்று சொல்லாமல் சொன்னது அவனுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. பறவையைக் கூட்டிச் சொல்லிவிட்டேன் என்று நினைக்கிறார்கள் என்றுதான் அவனுக்குத் தோன்றும். வேறு எப்படித் தோன்றும். மொத்தம் எவ்வளவு என்று அவனுக்குத் தெரியாது.

அவன் குந்தி உட்கார்ந்தான். ஐந்து கல் அள்ளினான், வைத்தான். அள்ளினான், வைத்தான். உதடு அசையவில்லை. வழக்கமாக அவன் உதடு அசையும்.

தங்கமணியும் மனசுக்குள் எண்ணினாள். பதினேழு. பதினெட்டு. ஒரு இருமல் போதும். துண்டைச் சரிசெய்வது போல ஒரு கையசைப்பு போதும். மூன்று வருஷம் ஒரே கரையில் உட்கார்ந்து எண்ணியவன். அவள் புருவத்தை உயர்த்தினாலே புரிந்துகொள்வான். அவள் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டாள். பத்தொன்பது. இருபது.

ஜமீரின் கை குவியலுக்குப் போனது. ஐந்து கல்லை அள்ளியது. அள்ளிய கை அப்படியே நின்றது. அவன் நிமிர்ந்து ராஜப்பனைப் பார்த்தான். பிறகு விரல்களைத் திறந்தான். ஐந்து கல்லும் ஜல்லிக் குவியலிலேயே விழுந்தன.

அடுத்த இரண்டு குவியலுக்கும் கை நிற்கவே இல்லை. இருபது, இருபது.

முனிவேல் குனிந்து ஒரு குவியலை எண்ணினார். நூறு. இன்னொன்றை எண்ணினார். நூறு. "காலைல பறவையையும் இப்டித்தான் எண்ணுனியா?"

"ஆமா சார்." எழுந்து கையைத் தட்டிவிட்டுக்கொண்டான். "எங்க மண்டியிலயும் நூறுன்னா நூறுதான் சார்." சொல்லும்போது அவன் முனிவேலைப் பார்க்கவில்லை, ராஜப்பனைத்தான் பார்த்தான்.

"முடிஞ்சுது" என்றார் ராஜப்பன். "எழுதுங்க சார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபது."

முனிவேல் பேனா மூடியைக் கழற்றினார்.

"எவ்ளோ?" என்றான் ஜமீர்.

 யாரும் திருப்பிச் சொல்லத் தேவை இல்லை. அவன் கண் பானெட்டுக்குப் போனது. விரித்த கைக்குட்டை, பன்னிரண்டு கல், இருபது கொட்டை. மண்டியில் ஏழு வருஷம் எண்ணியவனுக்கு அந்தக் கணக்கு ஒரு மூச்சு நேரம். அவன் முனிவேலை நோக்கி ஒரு அடி முன்னால் வந்தான்.

"சார்" என்றான். "சார், நான் இப்ப பொய் சொல்லிட்டேன்."

"என்னப்பா?"

"பறவைக்குக் கொசுறு போட்டுத்தான் எண்ணுனேன். கை பழக்கம் சார், எனக்கே தோணல. இவரு அப்டிக் கேட்டதும் ரோஷம் வந்து, ஜல்லிய மட்டும் நூறா நிறுத்துனேன். எங்க மாமாவ, எங்க மண்டிய எல்லாம் சேத்துக் கேட்ட மாதிரி இருந்துச்சு. அல்லா மேல ஆணை."

ராஜப்பன் இப்போது சிரிக்கவில்லை. "சார், ஒரு ஆளு மூணு நிமிஷத்துக்குள்ள ரெண்டு வாக்குமூலம் கொடுக்கறான். இதுல எது உங்க ரிப்போர்ட்டுல வரும்? எனக்கும் மேல கேப்பாங்க, உங்களுக்கும் மேல கேப்பாங்க."

முனிவேலின் பேனா காகிதத்தின் மேல் நின்றது. அவர் கெட்டவர் இல்லை. ஆனால் ரிட்டயர்மென்ட்டுக்கு இரண்டு வருஷம் இருக்கிறவர். "எதை நம்பறது நான்" என்றார் யாரிடம் என்றில்லாமல். "சோதனைன்னு வச்சோம். சோதனையில நூறு வந்துருச்சு."

தங்கமணி வாயைத் திறந்தாள்.  அவள் சொன்னால் அது மனுதாரரின் பேச்சு.

முனிவேல் சுற்றிலும் பார்த்தார். வெள்ளைச்சாமி சைக்கிள் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு, யாருக்கும் இடைஞ்சல் இல்லாத தூரத்தில் நின்றிருந்தார்.

"யோவ், நீதானே இவன் பக்கத்துல உக்காந்திருந்த?"

"ஆமாங்கய்யா."

"அவன் எண்ணுனதப் பாத்தியா?"

"அவனுக்கு என்ன சார் தெரியும்" என்றார் ராஜப்பன். "கையெழுத்துப் போடவே யோசிப்பான். வெள்ளைச்சாமி, நீ கேட்டுக்குப் போ."

வெள்ளைச்சாமி சைக்கிளைத் திருப்பினார். ஸ்டாண்டைக் காலால் தட்டிவிட்டார். பிறகு ஏதோ நினைத்துக்கொண்டவர் போல நின்றார்.

"எனக்குக் கணக்கு வழக்கெல்லாம் தெரியாதுங்கய்யா" என்றார். "இவுக பாட்டுக்கு முணுமுணுன்னு எண்ணிக்கிட்டு இருந்தாக. இருபதும்பாக. அப்பறம் கொசுறும்பாக. அதுக்குப் பெறகுதான் கல்லு விழுகும். நாங்கூட மனசுக்குள்ள நெனச்சேன், வாத்துக்கு எதுக்குய்யா கொசுறுன்னு."

டிப்பர் பையன் களுக்கென்று சிரித்தான். 

"எத்தன தடவ சொன்னான்?"

"எல்லாத் தடவையும்தாங்க. பன்னெண்டு."

"கணக்கு தெரியாதுன்ன. பன்னெண்டுன்னு மட்டும் கரெக்டா சொல்ற."

வெள்ளைச்சாமி தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார். ராஜப்பன் பக்கம் திரும்பவே இல்லை. "கேட்டுக்குள்ள போற லாரிய எண்ணுறதுதானுங்கய்யா எனக்கு வேல. பதினோரு வருசமா."

 முனிவேல் குனிந்து எழுதினார். எழுதியதை ஒருமுறை வாய்விட்டுப் படித்தார். கிழக்குப் பகுதி எண்ணிக்கையில் ஒரு கல்லுக்கு நூற்றைந்து என்பது கம்பெனித் தரப்புப் பார்வையாளரின் வாக்குமூலத்தாலும், மீதமிருந்த இருபது கொட்டைகளாலும் தெரிய வருகிறது. ஆகவே மொத்தம் இரண்டாயிரத்து இருபது. "ரெண்டு தரப்பும் கையெழுத்துப் போடுங்க."

ராஜப்பன் கையெழுத்துப் போட மறுத்தார். மறுத்ததையும் முனிவேல் எழுதிக்கொண்டார். "உங்க ஆளு சொன்னதுதானே சார். அந்தம்மா ஆளு சொல்லலியே."

ஜீப் ஏறும்போது ராஜப்பன் கோபமாக ஒன்றும் பேசவில்லை. ஜன்னல் வழியாக, "வெள்ளைச்சாமி, ரெண்டு மணிக்கு ஷிப்ட் முடிஞ்சதும் என்ன வந்து பாரு" என்றார், டீ வாங்கிவரச் சொல்கிற குரலில். டிப்பர்கள் கரையில் திரும்ப இடமில்லாமல் பின்னோக்கியே ஊர்ந்து போயின. முனிவேல் தோல் பையை அணைத்துக்கொண்டு கெலமங்கலம் பஸ்ஸுக்கு நடந்தார்.

ஏரி காலியாக, வெயிலில் மினுங்கிக்கொண்டு கிடந்தது. ஜமீர் பானெட்டிலிருந்து எடுத்த கொட்டைகளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். "மூணு வருஷமும் இப்டித்தான் எண்ணியிருக்கேன்க்கா. பெங்களூருக்குப் போனதெல்லாம் தப்பு."

"எழுதித் திருத்திக்கலாம் ஜமீரு. நாந்தான் கேட்டிருக்கோணும்."

"அந்தாளு முன்னாடி..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான். "ரோஷத்துல ஏரியவே மூட விட்டிருப்பேன்."

வெள்ளைச்சாமி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பத்தடி போய்விட்டிருந்தார். தங்கமணி வேகமாக நடந்து அவரை எட்டிப் பிடித்தாள்.

"அண்ணே, தெரிஞ்சுதானுங்களே சொன்னீங்க?"

"கேட்டாரு. சொன்னேன்."

"ரெண்டு மணிக்கு என்ன சொல்லுவாரு?"

"என்னத்தச் சொல்லுவாக." அவர் முன்னால் பார்த்தபடியே நடந்தார். "ராத்திரிக் கேட்டுக்கு மாத்துவாக. இல்ல, தொப்பியக் கழட்டி வச்சிட்டுப் போன்னுவாக. கொழந்தைக ரெண்டு படிக்குதுக. அதுதேன்." குரலில் புகார் இல்லை. சைக்கிளின் சங்கிலி மட்டும் கிறீச்சிட்டது.

தங்கமணி ஏதாவது சொல்ல நினைத்தாள். எங்கள் தொழிற்சாலையில் சொல்லிப் பார்க்கிறேன் என்று சொல்லலாம். சொன்னால் நடக்குமா என்று தெரியவில்லை. தெரியாததைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

"உங்ககூடக் கேட் வரைக்கும் வர்றோம்" என்றாள். "ரெண்டு மணிக்கும் வந்து நிப்போம்."

"எதுக்குத்தா? நீங்க உள்ள வரவும் முடியாது."

"வெளியவே நிக்கறோம்."

வெள்ளைச்சாமி நின்று அவளையும், பின்னால் ஓடிவந்த ஜமீரையும் ஒரு பார்வை பார்த்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை. மூன்று பேரும் தார் ரோட்டில் ஏறினார்கள். கொஞ்ச தூரத்தில் கம்பெனியின் நீல கேட் தெரிந்தது. அதற்கு வெளியே ராஜப்பனின் ஜீப் இன்ஜினை நிறுத்தாமல் நின்றுகொண்டிருந்தது. வெள்ளைச்சாமியின் நடை ஒரு கணம் தளர்ந்தது. ஜமீர் எட்டி அவர் கையிலிருந்து சைக்கிளை வாங்கித் தள்ளத் தொடங்கினான்.